வெளியூர் வைத்தியம்

குளியலறைக் கதவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"போதும்டி உன் நாடகம். தொட்டித் தண்ணி பூராவும் போகுது, வெளிய வா!"

மூக்குக் கண்ணாடிக் கடையில் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த பெரியவளுக்கு, படியேறும்போதே அந்தக் குரல் கேட்டது. பதினாறு வயதுத் தங்கை உள்ளே தாழிட்டுக்கொண்டு, இனிமேல் நான் இருக்கவே வேண்டாம் என்று அழுகிறாள். வெளியே இருப்பவளுக்குத் தொட்டித் தண்ணீரைப் பற்றிக் கவலை. அம்மா சுவரோடு சுவராக நின்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். "நான்தான்டி. திட்ட மாட்டேன். எதுவும் கேக்கவும் மாட்டேன். திற."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நனைந்த துணியோடு வந்து அக்காவின் மடியில் விழுந்தாள் சின்னவள். மாதக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு பேருக்கு, பள்ளிக்கூடமும் நின்றுபோயிற்று. வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர்கள் சோம்பல், திமிர், வயசுக் கோளாறு.

இரண்டு தெரு தள்ளி, தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டில், மனசு உடைந்த பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். போன் செய்தால் வீட்டுக்கே வருவார்கள். பெரியவள் எண்ணை அழுத்தினாள். அப்பா அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"அவங்க வண்டி நம்ம வாசல்ல வந்து நின்னுச்சுன்னா முடிஞ்சுது கதை. பெயின்ட் கடைக்காரன் பொண்ணு பைத்தியம்னு ஊரே பேசும். உன்னை ஒருத்தன் கேட்டு வரணுமா வேணாமா? வெளியூர்ல இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அங்க கூட்டிட்டுப் போலாம்."

"அவ்வளவு தூரமாப்பா? இவ இருக்கிற இருப்புல?"

"தூரமா இருந்தாத்தான் நல்லது."

முக்கில் நிற்கும் வாடகைக் கார்கள் வேண்டாமாம், தெரிந்த முகங்களாம். எங்கிருந்தோ ஒரு காரை வரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். அது வரும்வரை சின்னவள் சுவரைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். அத்தை சும்மா இருக்கவில்லை. பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள்.

"யாராச்சும் கேட்டா கல்யாணத்துக்குப் போறோம்னு சொல்லணும், என்ன? சிரிச்ச முகமா ஏறு."

கண்ணீர் காயாத கன்னத்தில் பவுடர் கட்டி கட்டியாக ஒட்டியது. அத்தை அதை விரலால் தேய்த்துச் சமன்படுத்தினாள்.

பாதி வழியில் ஒரு வளைவில், சின்னவள் ஓடுகிற காரின் கதவைத் திறந்துவிட்டாள். பெரியவள் பாய்ந்து அவள் இடுப்பை வளைத்து இழுத்தாள். அம்மா அலறினாள். டிரைவர் சட்டென்று ஓரங்கட்டினான். முன்சீட்டில் இருந்த அப்பா திரும்பினார். மகளைப் பார்ப்பதற்குள் டிரைவரைப் பார்த்துச் சிரித்தார்.

"பொண்ணுக்குக் கார் ஒத்துக்காது தம்பி. தலை சுத்தும். அதான் காத்துக்காக..."

டிரைவர் பின்கதவுகளைப் பூட்டினான்.

அங்கே காத்திருக்கும் அறை நிரம்பியிருந்தது. உள்ளே நுழைந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். மூலையில் எதிர்வீட்டு வாத்தியார். பக்கத்தில், பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிறான் என்று தெருவெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்கும் மகன்.

"என்ன சார், இந்தப் பக்கம்?" என்றார் வாத்தியார், எழுந்தும் எழாமலும்.

"ஒரு கல்யாணம். அப்படியே..."

"நாங்களும் கல்யாணத்துக்குத்தான் வந்தோம். சாப்பாடு எப்படி?"

"பரவால்ல சார். நல்லாவே போட்டாங்க."

பெரியவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் தலைக்கு மேலே 'இளையோர் மனநல அவசர உதவி' என்று பலகை தொங்கியது. பிள்ளைகள் இருவரும் செத்துப் பிழைத்து உட்கார்ந்திருக்க, இவர்கள் சாப்பிடாத விருந்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எழுந்து போய் இரண்டு வாயையும் கையால் பொத்தலாம் போலிருந்தது அவளுக்கு.

வாத்தியார் மகன் சின்னவள் பக்கம் குனிந்தான். "உங்க ரூம் லைட்டு எங்க ஜன்னல்லேர்ந்து தெரியும். நீயும் தூங்கலைன்னு எனக்குத் தெரியும்."

"தூக்கமே வரல," என்றாள் சின்னவள். அன்றைக்கு அழாமல் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

உள்ளே இருந்த ஆலோசகர் அம்மாள் சின்னவளோடு தனியாக வெகுநேரம் பேசினாள். பிறகு வீட்டாரைக் கூப்பிட்டாள்.

"இவளைத் தனியா விடாதீங்க. நாளன்னைக்கு மறுபடி பாக்கணும். அதுக்குள்ள ஏதாவதுன்னா ஓடி வர்ற தூரத்துல ஆள் வேணும். உங்க ஊர்லயே எங்க மாதிரி இருக்காங்களே? நீங்க இங்க வர்றீங்க, எங்க ஊர்க்காரங்க புள்ளைங்களைத் தூக்கிட்டு உங்க ஊருக்குப் போறாங்க. வழியில எத்தனை புள்ளைங்க வண்டியிலேர்ந்து குதிக்கப் பாக்குதுன்னு தெரியுமா?"

அப்பாவின் முகம் தெளிந்தது. "அப்போ எல்லாருமே இப்படித்தான் செய்றாங்களா!" என்றார் நிம்மதியாக.

பெரியவள் அவரைப் பார்க்கவே இல்லை. "எங்க ஊர்லயே பாத்துக்கறோம்மா. அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நீ வாயை மூடு."

"கதவைத் திறந்தாளேப்பா, அப்போ டிரைவர்கிட்ட என்ன சொன்னீங்க? அதை இவங்ககிட்டயும் சொல்லுங்க."

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா, தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அவ சொல்றபடியே செய்யுங்க," என்றாள்.

சொன்ன நாளில், நல்ல வெயிலில், அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு படியிறங்கினார்கள். அத்தை பின்னாலேயே ஓடி வந்தாள். "யாராச்சும் கேட்டா புஸ்தகம் வாங்கப் போறோம்னு சொல்லுங்கடி!" என்று கிசுகிசுத்தாள்.

"எனக்கு மனசு சரியில்ல அத்தை," என்றாள் சின்னவள். குரல் நடுங்கினாலும் தெருவுக்கே கேட்டது. "அதைப் பாக்கத்தான் போறோம்."

துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவனையும் கூப்பிடலாமாக்கா?"

இருவரும் தெருவைக் கடந்தார்கள். பெரியவள் அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. ஆளில்லாத வீடுபோல ஆயிற்று.

பெரியவள் மணியிலிருந்து விரலை எடுக்கவில்லை.