நாற்காலியாரின் கெட்டில்

அவர் பதினோரு வருடமாக நாற்காலி வரைந்துகொண்டிருந்தார். ஆள் உட்காராத நாற்காலி. பிரம்பு நாற்காலி, மடக்கு நாற்காலி, கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்த நாற்காலி. ஓவியர் வட்டாரத்தில் அவரை நாற்காலியார் என்றுதான் சொல்வார்கள். அது பட்டமா கிண்டலா என்று அவருக்கே இன்னும் தீர்மானமாகவில்லை.

காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளுக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதற்காக, ஓய்வுபெற்ற டாக்டரம்மா ஒருவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓவிய விற்பனை நடத்துவார். அறுபது ஓவியர்கள் ஆளுக்கொரு படம் இனாமாகத் தருவார்கள். எல்லாப் படமும் ஒரே அளவு, இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. வரைந்தவர் பெயர் பின்பக்கம்தான் இருக்கும். முன்னால் எண் மட்டும். படத்தின் கீழே ஒரு அட்டையும் பேனாவும் தொங்கும். வாங்க நினைப்பவர், வாசலில் தனக்குத் தந்த எண்ணையும் தரக்கூடிய தொகையையும் அதில் எழுத வேண்டும். அடுத்தவர் அதற்கு மேல் எழுதலாம். ஐந்துக்கு மணி அடிக்கும்போது கடைசியாக எழுதியவருக்குப் படம்.

ஓவியர்களுக்கு இரண்டே விதி. எது தன் படம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. தன் படத்துக்குப் பத்தடிக்குள் நிற்கக் கூடாது.

போன தடவை ஐம்பத்தொன்பது படம் விற்றது. விற்காத ஒன்று இவருடையது. அட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை. மறுநாள் டாக்டரம்மா போன் செய்து, "உங்க நாற்காலியை எங்க ஆபீஸ்லயே மாட்டிட்டோம். ஃபைல் அலமாரி பக்கத்துல என்ன பொருத்தம்ங்கிறீங்க!" என்றார். இவர் நன்றி சொன்னார். நன்றி சொல்லித் தொலைத்தோமே என்பதிலேயே இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதிருந்து அக்கா பிடித்துக்கொண்டாள். அத்தானுக்குப் பெயிண்ட் கடை. வீட்டுச் சுவருக்கு நிறம் கலக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "டேய் தம்பி, அங்கயும் கலர்தானே? ஏசி வேற" என்பாள். வருகிற திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

நாற்காலியார் மனைவியிடம் கறாராகச் சொன்னார். "இந்தத் தடவை யாராவது ஒருத்தர் என் அட்டையில எழுதிட்டா நான் கடைக்குப் போக மாட்டேன். ஒருத்தரும் எழுதலைன்னா திங்கட்கிழமை போய் நிப்பேன். ஆனா நீ எழுதக் கூடாது. என் படத்தை வாங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"பண்ணியாச்சு, போங்க" என்றாள். அன்று மத்தியானமே அக்காவுக்குப் போன் செய்து முழுக்கதையையும் ஒப்பித்தாள்.

பிறகு அவர் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். நாற்காலியை விட்டார். அடுப்படியிலிருந்த பழைய அலுமினியக் கெட்டிலை மேசைமேல் வைத்து, அறையைத் தாழிட்டுக்கொண்டு பதினான்கு நாள் வரைந்தார். ஏழாவது நாள் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முடிந்ததும் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

"எனக்குக்கூடக் காட்டக் கூடாதா? நான் என்ன டெண்டர் பிரிக்கிற ஆபீசரா?"

"விதின்னா விதிதான்."

"காட்டலைன்னா போங்க. நாற்காலியைத் தவிர வேற என்னத்தைப் போட்டிருப்பீங்க?"

அவர் உறையைப் பைக்குள் வைத்துப் பூட்டினார்.

விற்பனை நடந்த கூடம் உயரமான கூரையும் இரண்டு வரிசைத் தூண்களுமாக இருந்தது. கெட்டில் ஜன்னலோரச் சுவரில், எண் இருபத்தேழு. நாற்காலியார் அதிலிருந்து பத்தடி எண்ணினார். சின்ன அடியாக வைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து இன்னும் பத்து எண்ணினார். போய் முடிந்தது எதிர்ச்சுவரில். தலையை நிமிர்த்தினால், எண் நாற்பத்துநாலு. ஒரு நாற்காலி!

வேறு எவனோ நாற்காலி போட்டிருக்கிறான்.

"இங்கயே இருங்க, அந்தப் பக்கம் பார்த்துட்டு வரேன்" என்று மனைவி தூண்களுக்கிடையில் மறைந்தாள். நாற்காலியைப் பார்த்து அவள் லேசாகச் சிரித்துக்கொண்டாள். பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவர் அதைக் கவனிக்கவில்லை.

மூன்று பத்துக்கு, காற்று வாங்கப் போகிறவர் போல ஜன்னல் பக்கம் ஒரு நடை போனார். இருபத்தேழின் அட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. திரும்பி வந்தால் நாற்காலிப் படத்தின் அட்டையில் பதினெட்டு என்று ஒரு எண் முளைத்திருந்தது. சரி, ரசனை இல்லாதவர்கள் எங்கும் உண்டு.

மூன்றரைக்கு இன்னொரு நடை. கெட்டில் அட்டை வெள்ளை. திரும்பினால் நாற்காலி அட்டையில் முப்பத்துமூன்று, அதற்கு மேல் ஐம்பத்தொன்று, மறுபடி பதினெட்டு. நான்கு மணிக்கு அடுத்த நடை. அங்கே வெள்ளை, இங்கே வரிசை அட்டையின் பாதியைத் தாண்டிவிட்டது. அவர் நிற்கும்போது ஒரு ஈகூட வரவில்லை. அவர் தலை மறைந்தால் மூன்று எண்களும் அடித்துக்கொண்டன.

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இந்த நாற்காலியோட பின்னங்காலைப் பாருங்க. இதுல உட்கார்ந்தா ஆள் நேரா ஆஸ்பத்திரிதான்."

"உங்களை உட்காரச் சொல்லலையே, சார். சுவத்துல மாட்டத்தானே?" என்றாள் அம்மாள்.

நான்கு இருபதுக்குக் கிளம்பியவர், கூட்டம் வழிமறித்ததால் பாதியில் திரும்பினார். நாற்பத்துநாலின் கீழே ஒரு முதுகு குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. எங்கேயோ பார்த்த முதுகு. சட்டையில் பெயிண்ட் கம்பெனி முத்திரை.

"அத்தான்!"

அத்தான் பேனாவை வாய்க்குள் போட்டுக்கொள்வது போல ஒளித்தார். "சும்மா... இந்தப் பக்கம் வந்தேன், மாப்ளே."

"குடோனுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க என்ன பண்றீங்க?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா பாய்ந்து வந்தாள். கையில் எண் முப்பத்துமூன்று.

"பல் டாக்டர்கிட்டப் போறேன்னு சொன்னவ நீ எங்கடி வந்த?"

அடுத்த தூணிலிருந்து மனைவி வெளியே வந்தாள். "அண்ணி, நீங்களா என்னை மேல மேல ஏத்தி விட்டது? நான் யாரோ பெரிய பணக்காரின்னு பயந்துட்டேன்!" அவள் பதினெட்டு.

மூவரும் இதைத் தன் படமென்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நாற்காலியாருக்கு அப்போதுதான் உறைத்தது. இது என்னுடையது இல்லை என்று சொன்னால் விதி போச்சு. சொல்லாவிட்டால் அத்தான் பணம் போச்சு.

"எது யாரோடதுன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா அத்தான், இந்தப் படம் வேண்டாம். பின்னங்கால் தப்பு. நிழல் வேற பக்கம் விழுது."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, எப்பவும் இவன் இப்படித்தான். தன்னைத் தானே மட்டம் தட்டிக்குவான். கடை கிடக்கட்டும், இவன் படம் மறுபடி விக்காம போகக் கூடாது."

"மட்டம் தட்டலைக்கா, நிஜமாவே மட்டம்!"

"நீ வாயை மூடு, மாப்ளே" என்று அத்தான் அதட்டிவிட்டு, இன்னும் பெரிய தொகையாக எழுதினார். மனைவி பெருமூச்சோடு பேனாவைக் கீழே விட்டாள்.

நான்கு ஐம்பதுக்கு டாக்டரம்மா மேடையேறிப் பேச ஆரம்பித்தார். மைக் கரகரவென்று இருமிவிட்டு அடங்கியது. காதுக்காக நடக்கிற விழாவில் ஒருவர் காதிலும் ஒன்றும் விழவில்லை. மைக் செட்காரர், வாயில் ஸ்க்ரூடிரைவரைக் கவ்விக்கொண்டு, எங்கே அறுந்திருக்கிறது என்று ஒயரைத் தடவியபடியே ஜன்னலோரமாக நகர்ந்தார். இருபத்தேழுக்குக் கீழே குந்தினார். முடிச்சுப் போட்டார். எழுந்தார். போகவில்லை.

மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்தார்.

"மைக்! மைக் என்னாச்சு?" என்று மேடையிலிருந்து கத்தினார்கள். அவர் வாசலைப் பார்த்து ஓடினார். மணி நான்கு ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. மைக் செட்காரர் கையில் எண் நூற்றுப்பன்னிரண்டோடு திரும்பி ஓடி வந்து, வெள்ளை அட்டையில், அன்று அந்தக் கூடத்திலேயே மிகக் குறைந்த தொகையை, நாக்கைக் கடித்துக்கொண்டு, கொட்டை எழுத்தில் எழுதினார்.

மணி அடித்தது.

டாக்டரம்மா படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெயர் வாசித்தார். இருபத்தேழு வந்தது. நாற்காலியாரின் பெயர்.

"கெட்டிலா?" என்று மனைவி வாயைப் பிளந்தாள். "நம்ம வீட்டுக் கெட்டிலா? பதினஞ்சு நாளா அதைக் காணோம்னு வேலைக்காரம்மா மேல சந்தேகப்பட்டேனே!"

"அப்ப நான் வாங்கினது யாரோடது?" என்றார் அத்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

நாற்பத்துநாலு, லாரி நீளத்துக்கு இரும்புச் சிற்பம் செய்யும் தொப்பிக்காரருடையது. ஊரிலேயே பெரிய கை. தொப்பிக்காரரே நேராக வந்து நாற்காலியாரின் தோளில் தட்டினார். "உன் நாற்காலிங்களைப் பார்த்து வயித்தெரிச்சல்ல போட்டேன்யா. கால்தான் படியவே மாட்டேங்குது."

பெரிய பெயரைக் கேட்டதும் அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "ஏங்க, இந்தப் படத்துக்கு உங்களுக்கு முன்னாடி நான்தான் எழுதினேன். ஞாபகம் இருக்கட்டும்."

"நானும் சத்தியத்தை மீறலை" என்றாள் மனைவி. "வேற ஆள் படத்துக்குத்தானே எழுதினேன்?"

மைக் செட்காரர் பணம் கட்டிவிட்டு, கெட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்காலியார் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இதை ஏன் வாங்கினீங்க?"

"நீங்கதான் போட்டீங்களா? கைப்பிடியில கம்பி சுத்தியிருக்கு பாருங்க. மூணு சுத்து ஒழுங்கா இருக்கு, நாலாவது இடமில்லாம மேல ஏறியிருக்கு. அவசரத்துல கட்டினா அப்படித்தான் ஏறும். அழகா இருக்கணும்னு நீங்க அதைச் சரி பண்ணலை. அது புடிச்சிருந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கட்டினது யாரு?" என்றார்.

"நான்தான்."

"கட்டினது மோசம். போட்டது நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரைக் கழற்றப் போய்விட்டார்.

நாற்காலியார் காற்றில் விரலால் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு அத்தானிடம் வந்தார். "மன்னிச்சுக்குங்க அத்தான். திங்கட்கிழமை நான் வரலை."

"அப்பாடா!" என்றார் அத்தான்.

"என்ன அப்பாடா?"

"இல்ல மாப்ளே... உங்க அக்கா தொல்லை தாங்காமத்தான் கூப்பிட்டேன். வெள்ளை கேட்டு வர்ற ஆள்கிட்ட நீ எந்த வெள்ளைன்னு ஒரு மணி நேரம் பேசுவ. அவன் பக்கத்துக் கடைக்குப் போயிடுவான். நீ கடைக்கு வராம தடுக்கத்தான் நான் எழுதவே வந்தேன்."

நாற்காலியாருக்குச் சுருக்கென்றது. "எந்த வெள்ளைன்னு கேட்காம எப்படி அத்தான் கலக்க முடியும்? வடக்குப் பக்கச் சுவர்னா ஒரு வெள்ளை, வெயில் விழுற சுவர்னா வேற. உங்க கடையில இது ஒருத்தருக்காவது தெரியுமா?"

"பார்த்தியா? பார்த்தியா?" என்று அத்தான் அக்காவிடம் கையை விரித்தார்.

"அவன் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள் அக்கா. "நம்ம வீட்டு ஹாலுக்கு நீங்க அடிச்ச வெள்ளை, ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கு."

கூடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். அத்தான் தொப்பிக்காரரின் நாற்காலியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாற்காலியார் பின்னாலேயே, வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனார். வண்டி நிறுத்தும் இடம் வருவதற்குள் ஒன்பது ஆகிவிட்டது.