நிழலில் போட்ட மேடை

காட்டைக் காப்பதற்கான விழாவுக்கு அந்தக் காட்டுக்குள்ளேயே மேடை போட்ட மகானுபாவர் வேறு யாருமில்லை, வனச்சரக அதிகாரியின் சொந்த அப்பாதான். ஊரில் எந்தக் கூட்டமென்றாலும் மேடை அவருடையது. எல்லைக்கல்லுக்கு வெளியே பொட்டல். உள்ளே குளுகுளுவென்று மரநிழல். மனிதர் யோசிக்கவே இல்லை, இருபதடி உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய மகளின் முகம் போன போக்கைப் பார்த்து ஆட்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள்.

"அப்பா, பிரிங்க."

"விளையாடுறியா? இன்னும் ஒரு மணி நேரத்துல அமைச்சர் வந்துடுவாரும்மா."

"இன்னையிலருந்து கல்லுக்கு உள்ள எதையும் கட்டக் கூடாது, வெட்டக் கூடாது, ஒரு செடிகூட நடக் கூடாது. இருக்குறபடியே விடணும். அதைச் சொல்லத்தான் அவரே வர்றாரு."

"இருபதடிதானே!"

"இன்னைக்கு உங்களுக்கு இருபதடி. நாளைக்கு டீக்கடைக்காரர் நாப்பதடி கேப்பாரு. அப்புறம் ஓட்டல்காரர் வந்து நிப்பாரு. அப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முடியாதுன்னு சொல்றது?"

வருடக்கணக்கில் அலைந்து வாங்கிய அரசாணை அது. நகரத்துக் குழாய்களில் வருவது இந்தக் காட்டு ஓடைத் தண்ணீர்தான். முதல் நாளே, அதுவும் பெற்ற அப்பாவுக்காக விட்டுக்கொடுத்தால், எல்லைக்கல் வெறும் கல்லாகிவிடும். அப்பா முறுக்கிக்கொள்வார் என்று தெரியும். ஆனாலும் தொப்பியைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு முதல் பலகையை அவளே தூக்கினாள்.

அப்பா முணுமுணுத்தபடி மறுமுனையைப் பிடித்தார். அதன்பிறகு அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அமைச்சர் வந்தபோது மேடை வெட்டவெளியில் நின்றது. உச்சி வெயிலில் பேச்சு சுருக்கமாக முடிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. உதவியாளர் ஒரு மரக்கன்றை நீட்டினார். அமைச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உள்ள நிழல்ல போய் நட்டுடலாமே" என்று நடந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா குறுக்கே போய் நின்றார்.

"ஐயா, உள்ள வேணாம். பெத்த அப்பன் மேடையையே பிரிக்க வச்சுட்டா எம் பொண்ணு. உங்களை மட்டும் விட்டுடுவாளா?"

அமைச்சர் அப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் பொட்டலிலேயே கன்றை நட்டார்.

கார்கள் போனதும் அப்பா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அதற்கு ஊற்றினார்.

"நல்லா வளரட்டும்மா," என்றார் மகளிடம். "அடுத்த மேடைய இதுக்கடியில போட்டுக்கறேன்."