முப்பதாம் நோன்பு வராத வருடம்

கல்முனைக் கடற்கரையில் நஸ்லா என்று கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. ஆமைக்காரி என்றால் கைகாட்டி விடுவார்கள். பட்டம் முடித்து, நியமனம் வரும் வரைக்கும் டியூசன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் கரைவலையில் சிக்கிச் செத்துக் கிடந்த ஆமையைப் பார்த்து அழுதாள். மறுநாள் தனக்குத் தெரிந்த நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கரையில் கிடந்த பொலித்தீனைப் பொறுக்கத் தொடங்கினாள். தொலைபேசிக் கடையில் வேலை செய்யும் ஷிப்லி வந்தான். பக்கத்து ஊர் பாண்டிருப்பிலிருந்து கரைவலைக் குடும்பத்துப் பையன் டிலக்சன் வந்தான். நாளாக நாளாக ஊரில் வேலையில்லாத பிள்ளைகளெல்லாம் வந்து சேர்ந்தார்கள்.

“ஆமைக்காரி வாறா, வழி விடுங்கடா!” என்று வலைக்காரர்கள் கத்துவார்கள். அவளும் அண்ணன் முறை வைத்துச் சிரித்துக்கொண்டே, “ஓம் காக்கா, உங்கட வலைக்குள்ள என்ட சொந்தக்காரர் ஆரும் மாட்டியிருக்காங்களா?” என்று கேட்பாள். சில மாதங்களில் அந்த வலைக்காரர்களே, வலையில் ஆமை பட்டால் அறுத்து விட்டுவிட்டு அவளுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த வருடம் ஓர் ஆமை, வள்ளங்கள் இழுத்து வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏறி முட்டையிட்டுவிட்டுப் போனது. வனசீவராசிகள் திணைக்களத்து அதிகாரி வந்து பார்த்து, முட்டைகளை அசைக்க வேண்டாம், காவல் மட்டும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் பழைய வலையால் வேலி கட்டி, நாய்கள் கிண்டாமல் முறை வைத்துப் பார்த்தார்கள். நோன்பு தொடங்கிய பிறகும் முறை தவறவில்லை. நோன்பு துறக்கும் நேரத்தில் மட்டும் நோன்பில்லாத டிலக்சன் வந்து, “நீங்க போய்க் கஞ்சியக் குடிங்க, நான் நிக்கன்” என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அவனுக்கான கஞ்சி பிறகு தூக்குச்சட்டியில் வரும்.

வேலி கட்டியதும் முதலில் வந்து கேட்டவர் மக்கீன். பெருநாளுக்குப் பெருநாள் அதே இடத்தில் இராட்டினம் போடுகிறவர் அவர். ஊர்ப் பிள்ளைகள் பெருநாள் காசை எடுத்துக்கொண்டு நேரே ஓடுவது அவரிடம்தான்.

“என்ன மகள், என்ட இடத்துக்கு முன்னால வேலி போட்டிருக்கிங்க. பெருநாளைக்கு நான் கடலுக்குள்ளயா ராட்டினம் போடுற?”

“நீங்க வழமையான இடத்திலயே போடுங்க மாமா. முப்பதாம் நோன்பண்டு மஃரிபோட குஞ்சுகள் போயிரும். எல்லாரும் நோன்பு துறக்கப் போயிருப்பாங்க, கரையில ஒரு லைட்டும் இரிக்காது. அதுகளுக்கும் அதுதான் நல்லம்.”

“நிச்சயமாச் சொல்றியா? பொறகு வந்து அங்க போ, இங்க போ எண்டு சொல்லப்படாது.”

“நிச்சயம் மாமா. கணக்குப் பாத்துத்தான் சொல்றன்.”

முட்டையின் கணக்கை அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். நோன்பின் கணக்கில்தான் பிழை. போன வருடம் இருபத்தொன்பது நோன்பு வந்தபடியால் இந்த வருடம் முப்பதுதான் வரும் என்று அவளே முடிவெடுத்துவிட்டாள். பிறை அவளைக் கேட்டுக்கொண்டா வரும்?

இருபத்தொன்பதாம் நோன்பு துறந்து கொஞ்ச நேரத்தில், பிறை கண்டாயிற்று என்று செய்தி வந்தது. பள்ளிவாசலில் தக்பீர் முழங்கியது. தெருவெல்லாம் பட்டாசு. நஸ்லாவும் சின்னப்பிள்ளை போலக் குதித்துவிட்டு, தங்கைமாரோடு மருதோன்றி போட உட்கார்ந்தாள். ஒரு கை முடிந்து மறு கையை நீட்டியபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. நாளைக்கு முப்பதாம் நோன்பு இல்லை. நாளைக்குப் பெருநாள்.

“என்ன ராத்தா, முகம் செத்துப் போச்சு?” என்று தங்கை கேட்டாள். நஸ்லா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

காலையில் பெருநாள் தொழுகை கடற்கரைத் திடலில் நடந்தது. பெண்கள் பக்கத்தை மறைத்து நீளமாகக் கட்டிய கரும்பச்சைத் திரைக்குப் பின்னால் நஸ்லா தொழுதாள். ஸலாம் கொடுத்த பிறகு மற்றப் பெண்களெல்லாம் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்ல, அவள் கையேந்தியபடியே இருந்தாள். யா அல்லாஹ், ஒரே ஒரு நாள் பிந்திப் போகட்டும் என்று கேட்டாள். அல்லாஹ் அந்தத் துஆவை வேறு வழியில் ஏற்க நினைத்திருந்தான் போலும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு டிலக்சன் வேலிக்குள் குனிந்து பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். அவள் வீட்டில் இரண்டு தரம் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு வந்தவன், குனியவே கஷ்டப்பட்டான்.

“நஸ்லா, வந்து பாரு. மணல் கிண்ணம் மாதிரிக் குழிஞ்சு போய்க் கிடக்கு.”

குஞ்சுகள் மேலே கிளம்பிவிட்டன. அன்று மாலையே வரும். ஆனால் கடற்கரையில் நிற்க இடமில்லை. ஐஸ்கிரீம் வண்டிகள், கடலைக்காரர்கள், புது உடுப்புப் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் நடுவில், வேலிக்குக் கொஞ்சத் தூரத்தில், உச்சி வரைக்கும் பல்பு மாலை சுற்றிய மக்கீனின் இராட்டினம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடக்கும். இருட்டுக் கரையில் கடல்தான் வெளிச்சம். இன்றைக்கு அவை கடலை விட்டுவிட்டு இராட்டினத்துக்குத்தான் போகும், காலுக்கடியில் மிதிபட.

அவள் மக்கீனிடம் போனாள்.

“மாமா, பிழை என்னில. நான் சொன்ன நாள் இண்டைக்கு வந்துட்டு, குஞ்சுகள் வெளிய வரப் போகுது.”

மக்கீன் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். “அதுக்கு? இப்ப நான் இதக் கழட்டித் தலையில வெச்சுக்கிட்டுப் போறதா? வருசத்தில ரெண்டு பெருநாள் புள்ள. ரெண்டே ரெண்டு. உன்ட வாயாலதானே கேட்டன், நிச்சயமா எண்டு?”

“ஓம் மாமா. நான்தான் சொன்ன.”

அவள் வேலியடிக்குத் திரும்பி வந்தாள். ஷிப்லி தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டான்.

“திணைக்களத்துக்கு அடிப்பம். வந்து ஒரு சொல்லுச் சொன்னா லைட்ட நிப்பாட்டத்தானே வேணும்?”

“வேணாம் ஷிப்லி. அவர் என்னைக் கேட்டுட்டுத்தான் இங்க போட்ட. வாக்குக் குடுத்த நானே அவருக்கு ஆள் அனுப்புறதா? அப்பிடிச் செஞ்சா இண்டைக்குக் குஞ்சுகளக் காப்பாத்துவம்தான். அடுத்த வருசம் இந்த ஊரில ஆரு நம்மள நம்புற?”

“அப்ப என்ன செய்யச் சொல்றாய்?”

நஸ்லா திடல் பக்கம் பார்த்தாள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் அபூசாலி, காலையில் கட்டிய திரையை மடித்துக் கம்புகளோடு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அபூசாலி மாமா, அத ஒருக்காத் தாங்க. ராவைக்கு இஷாவுக்குப் பொறகு மடிச்சுக் கொண்டு வந்து தாறம்.”

விசயத்தைக் கேட்டதும் அவர் வாயைப் பிளந்தார். “தொழுகைத் திரைய ஆமைக்கா? ஊர் என்னைச் சும்மா விடுமா புள்ள?” பிறகு வேலியைப் பார்த்தார். சுற்றி நின்ற பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தார். “சரி, அதுகளும் அவன்ட படைப்புத்தானே. சேத்தில போடாம, கிழிக்காமக் கொண்டு வரணும். சொல்லிட்டன்.”

“இன்ஷா அல்லாஹ் மாமா” என்றாள் நஸ்லா.

சொன்ன கையோடு அவள் இராட்டினத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மக்கீன் மாமாவிடம் ‘அல்லாஹ் நாடினால்’ என்ற இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லையே! நாளையைப் பற்றி வாய் திறக்கும்போதெல்லாம் சொல்லப் பழகிய வார்த்தை. கணக்கை நம்பியதால் அன்று அது நாவில் வரவேயில்லை.

பிள்ளைகள் கடல் பக்கத்து வேலியை அவிழ்த்துவிட்டு, புது உடுப்போடு மணலில் கம்பு நட்டு, வேலிக்குப் பின்னால் கரை நெடுகத் திரையைக் கட்டினார்கள். கடைகளின் வெளிச்சம் மறைந்தது. “குஞ்சுகளெல்லாம் இப்ப பொம்புளைகள் பக்கம்” என்று டிலக்சன் சொல்ல, கூடி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் இராட்டினத்தின் உச்சியிலிருந்த பல்புகள் திரைக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஷிப்லியும் இன்னும் சிலரும் கம்புகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அப்படியும் எட்டவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. வழமைப்படி மக்கீன் ஜெனறேற்றரை நிறுத்திவிட்டுத் தொழப் போனார். அந்த இருட்டில் மணல் அசைந்தது. ஒரு மூக்கு, ஒரு துடுப்புக் கால், பிறகு கொத்தாகப் பல. கையளவு கூட இல்லாத உயிர்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வெளியே வந்தன. இன்னும் உள்ளேயிருந்து வந்துகொண்டேயிருந்தன.

மக்கீன் தொழுதுவிட்டு வந்து ஜெனறேற்றர்க் கயிற்றைக் கையில் எடுத்தார். வரிசையில் நின்ற பிள்ளைகள், “ராட்டினம்! ராட்டினம்!” என்று கத்தினார்கள். நஸ்லா ஓடி வந்தாள்.

“மாமா, மெஷின் வேணாம். நாங்க கையால சுத்துறம்.”

“என்னது?”

“இருட்டுக்குள்ள கையால சுத்துறம். உங்கட சவாரியும் நிக்காது. கடைசிக் குஞ்சு போகும் வரைக்கும் மட்டும்.”

மக்கீன் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். திரைக் கம்புகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த பிள்ளைகளின் கைகள் அந்த அரை இருட்டிலும் தெரிந்தன. அவற்றில் பாதிக் கைகள் சின்ன வயதில் அவருடைய இராட்டினக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீரிட்ட கைகள்தான்.

“மணிக்கணக்காச் சுத்தணும் புள்ள. உன்ட ஆக்களுக்குத் தோள் கழண்டு போகும்.”

“கழண்டு போகட்டும் மாமா.”

அவர் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “டேய், இண்டைக்கு இருட்டு ராட்டினம்! பயந்த ஆக்கள் வீட்ட போங்க!”

ஒரு பிள்ளையும் போகவில்லை. பயமில்லை என்று காட்ட எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். ஷிப்லியும் மூன்று பேரும் தோள் கொடுத்துத் தள்ள, இராட்டினம் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. மேலே போன பிள்ளைகளுக்குத் திரைக்கு அப்பால் தெரிந்தது. “அந்தா போகுது! அந்தா ஒண்டு! தண்ணிக்குள்ள போயிட்டு!” என்று மேலே போன ஒவ்வொரு பிள்ளையும் கத்த, கீழே நின்ற தாய்மாரும் தகப்பன்மாரும் கைத்தொலைபேசி வெளிச்சங்களை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அபூசாலியும் வந்து ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டார். ஊருக்குப் பின்னால் மேற்கில் பிறை மெல்லியதாய் இருந்தது. அது எந்தக் குஞ்சையும் வழிமாற்றவில்லை.

கடைசிக் குஞ்சு ஈர மணலில் நின்று கொஞ்சம் யோசித்தது. ஓர் அலை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. நஸ்லா மணலில் உட்கார்ந்து அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

மக்கீன் கயிற்றைச் சுற்றி இழுத்து ஜெனறேற்றரை இயக்கினார். பல்புகள் எரிந்ததும் பிள்ளைகள், “வேணாம், வேணாம், இருட்டு ராட்டினம்தான் வேணும்!” என்று கூச்சலிட்டார்கள். ஷிப்லி தோளைத் தடவிக்கொண்டு மணலில் சாய்ந்தே விட்டான்.

“பாத்தியா, என்ட யாவாரத்தையே கெடுத்துட்டாய்” என்றார் மக்கீன். முகம் நிறையச் சிரிப்பு. “அடுத்த பெருநாளைக்கு எங்க போடுற எண்டு இப்பவே சொல்லு.”

நஸ்லா மருதோன்றிக் கையால் கண்ணைத் துடைத்தாள். “ஆமை எங்க ஏறுதோ, அங்கயிருந்து தள்ளி ராட்டினத்தப் போடுவம் மாமா. இன்ஷா அல்லாஹ்.”

“ஆ, இப்ப சொன்னியே” என்று மக்கீன் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார். “நீயும் ஏறு மகள். தள்ளினவங்களையும் கூட்டிட்டு வா.”