ஒன்றே முக்கால் மணி நேரம்

நவநீதன் கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கியதும் சுவாதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. சரி, இனி அவன் அதைக் கீழே வைக்க முடியாது. சட்டி கைக்கு வந்துவிட்டால் சுடுகாடு போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது, இன்னொருத்தர் கைக்கு மாற்றவும் கூடாது. அது அந்தக் குடும்பத்து வழக்கம். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் காலையிலிருந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

முன்னறைக் கட்டிலில் பாலன் கிடந்தான். கூடலூர் ஆஸ்பத்திரியில் அறுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி கொடுத்திருந்தார்கள். இருபத்தெட்டு வயது. தலைமாட்டில் சுவாதி, கால்மாட்டில் அவன் அம்மா மருதாம்பாள். வாசலில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தம்பிக்குப் பிள்ளை இல்லாததால் அண்ணன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று நவநீதனைத் தலைக்கு ஊற்றி ஈர வேட்டியோடு நிறுத்தியிருந்தார்கள்.

"பாடையக் கிட்டக் கொண்டாங்கப்பா. மழ புடிக்கறதுக்குள்ள தூக்கீரலாம்" என்றார் பங்காளிகளில் மூத்தவரான சுப்பண்ணன்.

நான்கு பேர் உள்ளே வந்தார்கள். சுவாதி கணவனின் நெஞ்சின்மேல் கையை வைத்தாள்.

"சித்த இருங்க. நான் இன்னும் பாத்து முடிக்கலீங்க."

கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான். அந்தப் பெண் அப்படிச் சொன்னால் அதற்குமேல் எந்த மனிதன் அங்கே நிற்பான்? வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குத் திரும்பினார்கள். நவநீதன்தான் வாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

"சுவாதி... நேரமாச்சு சாமி. அவன நல்லபடியா அனுப்பி வெக்கோணுமல்ல?"

சுவாதி கதவுக்கு நேராகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பத்து நிமிசம் மாமா. வந்துட்டே இருக்கேன்."

அவன் வாய் அப்படியே நின்றுபோனது. கூட்டம் அவன் மறுபடியும் அழப்போகிறான் என்று நினைத்துக்கொண்டது. பாவம், தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவன் என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

உயிரையே வைத்திருந்தானாம்! சுவாதிக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவள் அதைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

மசினகுடியிலிருந்து உள்ளே தள்ளி, மேட்டில் இருந்தது இந்த இரண்டு அறை வாடகை வீடு. மழை அரித்த மண்பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி ஏறாது. ஆறு மணிக்குமேல் யானை நடமாட்டம், வெளியே தலைகாட்ட முடியாது. கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள் எல்லாம், "அங்க எப்படி இருக்கறீங்க ரெண்டு பேரும்? பொழுது போவுதா?" என்று கேட்டார்கள். பொழுது போவதாவது! அவர்களுக்குப் பொழுது பற்றவில்லை.

பாலனுக்கு ரிசார்ட்டில் குழாய் வேலை. நான்கரைக்கெல்லாம் வந்துவிடுவான். வந்ததும் வெளியடுப்பில் வெந்நீர் போடுவான். சுவாதி கடைவீதியில் ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, கால் விறைத்துப்போய் மேடேறி வருவாள். ஒரு அகலமான போசியில் வெந்நீரை ஊற்றி, கல்லுப்பைப் போட்டு, எதிரெதிரே உட்கார்ந்து நான்கு கால்களையும் அதற்குள்ளேயே விடுவார்கள். கையில் டீ, நடுவில் வர்க்கிப் பொட்டலம். சூடு தாங்காமல் யார் முதலில் காலை எடுக்கிறார்களோ அவர்கள்தான் டம்ளர் கழுவ வேண்டும். பாலன் மகா திருடன். அவள் உள்ளங்காலில் கட்டை விரலால் கிச்சுக்கிச்சு மூட்டுவான். "இது போங்காட்டமுங்க!" என்று அவள் கத்திக்கொண்டே காலை எடுப்பாள். எடுத்ததுமே அவனும் எடுத்துவிட்டு, "யம்மா, வெந்துபோச்சு" என்று காலைப் பிடித்துக்கொண்டு குதிப்பான். ஒன்றரை வருடத்தில் அவன் டம்ளர் கழுவியது நான்கு முறையோ ஐந்து முறையோதான். இந்த ஒரு விளையாட்டுக்காகவே அவள் கடையில் மணி பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்றும் அவன் வெந்நீருக்குத்தான் விறகு எடுக்கப் போனான். விறகடுக்குக்குள் கையை விட்டவன் வெடுக்கென்று இழுத்தான். நல்லபாம்பு. அது படமெடுத்து நின்றதை இருவருமே பார்த்தார்கள். வலது கையில், கட்டை விரலுக்குக் கீழே இரண்டு புள்ளி.

"சுவாதி, இன்னிக்கு டம்ளர் நீதான் கழுவோணும். எனக்குக் கை இல்ல" என்றான். அப்போதும் விளையாட்டு.

ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். மேட்டுக்கு வண்டி ஏறாது, மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு நவநீதனை அழைத்தாள். டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு காட்டோரம் சுற்றிக் காட்டுகிற ஜீப் அவனுடையது.

"பாம்பா! ஐயையோ. பத்து நிமிசம் சாமி, இதா வந்துட்டே இருக்கேன்" என்றான்.

ஐந்து முப்பத்தைந்துக்கு மறுபடியும் போட்டாள். பாலனுக்குக் கை வீங்கிக் கண் செருக ஆரம்பித்திருந்தது.

"செக்போஸ்ட் தாண்டிட்டேன். பத்து நிமிசம். வேற ஆரையும் கூப்பிட்டுட்டு இருக்காத, நாந்தான் வந்துட்டேனல்ல?"

அங்கேதான் அவர்கள் ஏமாந்தார்கள். கீழே வளைவில் பிரசாத்தின் ஜீப் நின்றுகொண்டிருந்தது. வாசலிலிருந்து பார்த்தாலே அதன் பச்சைத் தார்ப்பாய் தெரியும். கூப்பிட்டால் ஐந்து நிமிடம். ஆனால் பிரசாத்துக்கும் நவநீதனுக்கும் ஸ்டாண்டில் வண்டி போடுகிற தகராறில் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. சுவாதி போனை எடுத்தபோது பாலன் குழறிக் குழறித் தடுத்தான்.

"வேண்டாஞ் சுவாதி. அண்ணன் கோச்சுக்குவான். செக்போஸ்ட் தாண்டிட்டேன்னு சொல்றானல்ல? அவன் வந்துருவான்."

அண்ணன் வார்த்தையை அவன் அப்படி நம்பினான். அவனுக்காக அவளும் நம்பித் தொலைத்தாள். நேற்று அவள் செய்த ஒரே பாவம் அதுதான், அதற்குத் தன்னையும் அவள் மன்னிக்கப் போவதில்லை.

ஆறே காலுக்கு மூன்றாவது முறை போட்டாள். இந்தத் தடவை நவநீதன் கிசுகிசுத்தான். "பத்து நிமிசம், பத்து நிமிசம். இதா திரும்பறேன்." அவன் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை சந்தோஷமாகக் கூவியது. "அங்கிள், அங்கிள், புலி எந்திரிக்குது!" உடனே போன் துண்டிக்கப்பட்டது.

அவன் வந்தபோது ஆறு ஐம்பது. அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் அவள் பிரசாத்துக்கும் போட்டாள். அதற்குள் பிரசாத் கூடலூருக்குப் போய்விட்டிருந்தான். தெப்பக்காடு தாண்டும்போது அவள் மடியிலேயே பாலனின் மூச்சு நின்றது. நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாமே அம்மா என்று டாக்டர் சொன்னபோது, நவநீதன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

"டவரே இல்லீங்க டாக்டர். போன் கெடைச்ச நிமிசமே பறந்து வந்தேனுங்க."

அந்தப் பொய்யைத்தான் காலையிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பிரசாத்கூட வந்து, "எனக்கு அஞ்சு மணிக்கே ஒரு போன் அடிச்சிருக்கலாமே தங்கச்சி" என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் போனான். சுவாதி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊரே நவநீதனைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கும். ஆனால் கால்மாட்டில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளையை வாரிக்கொடுத்துவிட்டு இருக்கிறவளிடம், மற்ற பிள்ளைதான் அவனைக் கொன்றான் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் சுவாதி கத்துவதை விட்டுவிட்டாள், கணக்குத் தீர்ப்பதை விடவில்லை. அவளும் அவனும் மட்டும் அறியும்படி ஒரு தண்டனை போதும் என்று முடிவு செய்திருந்தாள்.

அவள் குனிந்து பாலனின் காதருகே சொன்னாள்.

"நீங்க மன்னிச்சிருவீங்க. எனக்குத் தெரியும். நான் மாட்டேனுங்க."

பன்னிரண்டு முப்பத்தைந்து. சுப்பண்ணன் வாசற்படியில் வந்து நின்றார்.

"கண்ணு, அவன் ஈரத்தோட நிக்கறான். கை கடுத்துப்போச்சு போலிருக்குது. எந்திரிச்சுக்கறயா சாமி?"

"பத்து நிமிசமுங்க பெரியப்பா. மாமாகிட்டச் சொல்லுங்க, இதா வந்துட்டேன்னு."

அவர் போய்ச் சொன்னார். சன்னல் வழியாக சுவாதி பார்த்தாள். உறிக் கயிற்றில் தொங்கிய சட்டியின் புகை நேராக நவநீதனின் முகத்துக்கே வந்தது. அவன் கண்ணைத் துடைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. தோளெல்லாம் சாரல். உடம்பு நடுங்கியது. நடுங்கட்டும். அவள் வயிற்றில் நேற்றிலிருந்து எரிந்துகொண்டிருந்த எதுவோ அந்த நடுக்கத்தைப் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் அடங்கியது. ஆனால் இதுவும் எத்தனை நேரம்? இன்னும் ஒருமுறை வந்து கேட்பார்கள், பெண்கள் வந்து கையைப் பிடித்துத் தூக்குவார்கள், மாமியாரே போதும் என்று சொல்லிவிடுவாள். அரை மணி நேரம்கூடத் தாங்காது என்று சுவாதிக்குத் தோன்றியது.

அப்போதுதான் மருதாம்பாள் பேசினாள். காலையிலிருந்து ஒப்பாரிகூட வைக்காமல் இருந்தவள்.

"எத்தன நேரங் கண்ணு காத்திருந்தான்?"

சுவாதிக்கு முதலில் விளங்கவில்லை. "என்னங்கத்தை?"

"என்ற பையன். சின்னவன். வண்டிக்கு எத்தன நேரம் காத்திருந்தான்னு கேக்கறேன்."

மருதாம்பாள் மகனின் பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். நவநீதன் வீட்டு மாடியில் டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிற ஒரு ரூம் உண்டு, கீழே அவனோடுதான் அவள் இருந்தாள்.

"காத்தால ரூமைக் காலி பண்ணீட்டுப் போறப்ப அந்தப் பெங்களூர்க்காரப் பொண்ணு எங்கட்ட வந்து கையப் புடிச்சுட்டுச் சொல்லுச்சு. உங்க பையன் நெம்ப நல்லவருங்கம்மா, போன் மேல போன் வந்துச்சு, அப்பவும் எங்க கொழந்தைக்காக நின்னு புலி எந்திரிச்சுப் போற வரைக்கும் காட்டுனாருன்னு. இங்க இன்னாருக்கு இப்படி ஆயிருச்சுன்னு அதுக்கு ஆரு சொன்னா? சிரிச்சுட்டே போயிருச்சு."

சுவாதிக்கு நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாயை முந்தானையால் அழுத்திக்கொண்டாள். மாமியார் அவளைத் தொடவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஒண்ணே முக்கா மணி நேரமுங்கத்தை."

"என்னையக் கேட்டானா?"

"கேட்டாருங்க. கடைசியில பேச்சு வரல. அம்மான்னு மட்டும் ரெண்டு தடவ வந்துச்சு."

மருதாம்பாள் தலையை ஆட்டினாள். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு மணி பார்க்க வராது.

"இப்ப எத்தன நேரமாச்சு?"

"அரை மணி நேரங்கூட ஆவலீங்க."

கிழவி முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். மருதாம்பாள் வாசற்படிக்குப் போய் நின்று மூத்த மகனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். "அம்மா..." என்று ஆரம்பித்தான். அவள் கதவை இழுத்துச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு குனிந்து கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சின்னவனின் கால் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே சலசலப்புக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து சுப்பண்ணன் கதவைத் தட்டினார்.

"மருதாம்பா, என்ன இது? சட்டியில நெருப்பு அணையற மாதிரி இருக்குதம்மா. கதவத் தொறங்க."

"அணைய உடாதீங்கண்ணா" என்றாள் மருதாம்பாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "திண்ணைக்குக் கீழ வறட்டி இருக்குது. ஒடைச்சுப் போடுங்க."

யாரோ வறட்டியை உடைத்தார்கள். சன்னலில் புகை அடர்த்தியாக எழுந்தது. நவநீதன் உறிக்கயிற்றை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.