குதிரைக்குத் தண்ணீர்

சூடு காட்டும் சிவப்பு விளக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. சஞ்சயன் எஞ்சினை நிறுத்தினான். இரண்டு காலாலும் தரையை உந்தியுந்தி, அம்மாவின் பிரேத வண்டிக்குப் பின்னால் பைக்கை உருட்டினான். பின்னால் இருந்த அவன் மனைவி பெனிற்றா இறங்கி, ஒரு கையால் தள்ளிக்கொண்டு நடந்தாள். தலையில் ஹெல்மெட், உடம்பில் ஜாக்கெட், ஜீன்சுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. கொள்ளி வைக்கப்போகிற பிள்ளையின் கோலம் இது.

பிரேத வண்டிக்கு முன்னால் உயரத் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தார். கிரியை நடந்த பிளேஸ்டோ மண்டபத்திலிருந்து பெருந்தெரு வரைக்கும் அப்படி நடப்பது அவர்களுடைய மரியாதையாம். நல்ல மரியாதைதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் மனிதர் நடக்கிற வேகத்தில் போனால் பைக்குக்குக் காற்று எங்கிருந்து வரும்? ரேடியேட்டரின் தகடுகளைக் குளிர்காலத்தில் பனியைக் கரைக்கத் தூவும் றோட்டு உப்பு அரித்துத் தின்றிருந்தது. ஓடினால் காற்றுப் பட்டுத் தாங்கும். நின்றால் விசிறி சுழல வேண்டும். அந்த விசிறியின் வயர் முனை பச்சை பூத்து எப்போது செத்ததென்று அவனுக்கே தெரியாது, குளிரில் அது தேவைப்படவில்லை. இன்றைக்குத்தான் மே மாதத்து முதல் வெயில்.

பின்னால் லிமோசினில் அண்ணன் வாசுதேவன் வந்துகொண்டிருந்தான். கண்ணாடிக்குள் அவன் முகம் தெரிந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு சஞ்சயனும் பெனிற்றாவும் தேவாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்ட நாளிலிருந்து அவனுக்குத் தம்பியோடு பேச்சில்லை. இன்றைக்கு மண்டபத்தில் சுண்ணம் இடிக்கிற சடங்கு முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தான். அதுவும் இதற்குத்தான்.

"நீ காரில ஏறு. அவ பஸ்ஸில வரட்டும். இடமில்லை."

"அப்ப நாங்கள் ரெண்டுபேரும் பைக்கில வாறம்."

"வா. தாய்க்கு இளையவன்தான் கொள்ளி, அதுக்கு நான் குறுக்க நிக்கேல்லை. ஆனா ஒண்டரைக்கு நீ சுடலையில நிக்கேல்லையெண்டால் நான் வைப்பன். ஐயரிட்டயும் சொல்லிப்போட்டன்."

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மண்டபத்து வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "எட்டியும் பாராதவங்களுக்கு இண்டைக்குத்தான் தாய்ப்பாசம் பொங்குது. கடைசிக் காலத்தில அம்மாவுக்கு அறளை பேந்து புத்தி தடுமாறிட்டுது, காலமை காலமை வாசலில தண்ணிப்போத்தல் கொண்டுவந்து வைப்பா. ஆர் பார்த்தது? நான் பார்த்தன்," என்றான்.

அறளையாவது மண்ணாவது! ஆனாலும் சஞ்சயன் உண்மையைச் சொல்லாமல் ஹெல்மெட்டை மாட்டினான். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது.

நவம்பரிலிருந்து ஒரு வேலைநாள் தவறாமல் அவன் அம்மாவிடம் போயிருக்கிறான். ஏழு மணிக்கு அண்ணனும் அண்ணியும் வேலைக்குக் கிளம்புவார்கள். ஏழரைக்கு இவன் பைக் பிளேஸ்டோவில் அண்ணன் வீட்டு வாசலில் நிற்கும். தான் இருக்கிற கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஆற்றைக் கடந்து, உப்புச் சேற்றில் முழங்கால்வரை நனைந்து போவான். ஆஸ்பத்திரிகளுக்கு இரத்தம் கொண்டோடுகிற வேலை ஒன்பதுக்குத்தான். இடையில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்கு மருந்து கொடுத்து, கால் தேய்த்துவிட்டு, பால் விடாத பிளேன்ரீ குடிப்பான். அவன் போகுமுன் அம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். "மூத்தவன் அறிஞ்சால் வீட்டைத் தலைகீழாக்கிப்போடுவான். நீயும் வாய் திறவாதை, சொல்லிப்போட்டன்."

பைக்கில் தண்ணீர் குறைகிறதென்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அடுத்த நாளிலிருந்து வாசற்படியில் இரண்டு லீற்றர் பால் போத்தல் நிறையப் பைப் தண்ணீர். அண்ணி குப்பைக்குள் போட்டுவிடாமலிருக்கக் கைப்பிடியில் நீலக் கம்பளி நூல். "உன்ர குதிரைக்குத் தண்ணி வைச்சிட்டன். குடுத்திட்டுப் போ." அதற்குப் பச்சை நிறத்தில் வேறு மருந்துத் தண்ணீர் விட வேண்டும், வெறும் தண்ணீர் விட்டால் உள்ளுக்கும் துருப்பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அம்மா சால்வையைப் போர்த்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவன் மூடியைத் திறந்து ஊற்றுவான். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுப்பான்.

கடைசித் திங்கட்கிழமை அவசரத்தில் ஊற்ற நேரமில்லை. போத்தலைப் பின்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். அன்று மத்தியானம் அம்மா போய்விட்டார். ஒன்பது நாளாக அந்தப் பெட்டியை அவன் திறக்கவில்லை.

பெருந்தெருவில் தொப்பிக்காரர் பிரேத வண்டியில் ஏறிக்கொண்டார். இனி ஓடலாம் என்று பார்த்தால், சேர்ச் ரோட்டு முருகன் கோயில் பக்கம் பிரேதம் போகக் கூடாதென்று சுற்றுவழி பிடித்தார்கள். அங்கே தெரு வெட்டிக் கிடந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் நின்றது. மணி ஒன்று பத்து. சிவப்பு விளக்கு மூன்றாம் முறையும் பற்றியது. காலுக்குக் கீழிருந்து சீறிக்கொண்டு ஆவி கிளம்ப, எஞ்சின் தானாகவே நின்றுபோனது.

"ஐயோ, இஞ்சேருங்கோ, கால்!" பெனிற்றா குதித்து இறங்கினாள்.

பைக்கைக் கரைக்குத் தள்ளினார்கள். முன்னால் பிரேத வண்டி மெல்ல நகர்ந்தது. லிமோசின் அவர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"பைக்கை விட்டிட்டு ஏறு," என்றான் வாசுதேவன். "நெருக்கிக்கொண்டிருந்தால் ஒராளுக்குத்தான் இடம்."

"பெனிற்றா?"

"நேரம் போகுது. நீ வாறியோ, நான் செய்யட்டோ?"

சஞ்சயன் அவளைப் பார்த்தான். இந்த றோட்டோரத்தில் இவளை விட்டுவிட்டுப் போவதா? போகாவிட்டால் அம்மாவுக்கு நெருப்பு வைக்கிற கை அண்ணனுடையது. அம்மா கேட்டது இவனிடம். போன மாதம் கால் தேய்க்கும்போது, "நீதானே எனக்கு," என்று மட்டும் சொன்னார். அதற்கு இவன் ஓம் என்றான்.

"ஏறுங்கோ," என்றாள் பெனிற்றா. "நான் பைக்கோட நிக்கிறன். எனக்கொண்டும் இல்லை. மாமிக்காண்டிப் போங்கோ." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் ஏறவில்லை. பின்பெட்டியைத் திறந்தான். போத்தல் இருந்தது. கழுத்துவரை தண்ணீர். மூடியை அம்மா எவ்வளவு இறுக்கியிருந்தாரோ, திருகத் திருகக் கழலவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தான். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. அதனால் வெளியிலேயே, அரித்துப்போன தகடுகளின்மேல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். 'சர்' என்று ஆவி எழுந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்து சப்பாத்தை நனைத்தது.

கார்க் கதவு திறந்த சத்தம் கேட்டது. வாசுதேவன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். திட்டப்போகிறான் என்று சஞ்சயன் தலையைத் தூக்கவில்லை. அண்ணனின் விரல் போத்தல் கைப்பிடியைத் தொட்டது. நீல நூலை மெல்லத் திருப்பிப் பார்த்தது.

"இது எங்கட வீட்டுப் போத்தல்."

"ஓம்."

"எப்ப எடுத்தனி?"

"திங்கட்கிழமை காலமை. அம்மா தந்தவா."

"திங்கட்கிழமையோ?"

"எல்லா நாளும்தான் அண்ணை. நீங்கள் வேலைக்குப் போன பிறகு. பைக்குக்கெண்டு தண்ணி வைப்பா. அவவுக்கு அறளையுமில்லை, ஒண்டுமில்லை."

வாக்கு உடைந்துவிட்டது. பின்னால் ஒரு வான்காரன் ஹோர்ன் அடித்தான். அண்ணன் அசையவில்லை. துருத்தண்ணீர் அவனுடைய சப்பாத்தடியிலும் ஓடியது, அதையும் பார்க்கவில்லை.

"எவ்வளவு தூரம் ஓடும்?" என்று கேட்டான் கடைசியில்.

"வேகமா ஓடினால் காத்துப் பட்டுத் தாங்கும். வண்டிக்குப் பின்னால ஊர்ந்துகொண்டு போக ஏலாது."

"அப்ப முன்னுக்குப் போ."

"அம்மாவுக்கு முன்னாலயோ?"

"ஊரில கொள்ளிச்சட்டி பாடைக்கு முன்னுக்குத்தானே போறது. போடா." பிறகு பெனிற்றாவின் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளை, நீர் என்ர இடத்தில ஏறும். நான் முன்வண்டியில அம்மாவோட போறன்," என்றான். அவன் பதிலுக்கு நிற்காமல், நகர்கிற பிரேத வண்டியை நோக்கிக் கையைக் காட்டிக்கொண்டு ஓடினான். நாற்பத்தெட்டு வயசு உடம்பு அப்படி ஓடிச் சஞ்சயன் பார்த்ததில்லை.

பைக் நாலாவது முயற்சியில் பற்றியது. பஸ்களுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் நுழைந்தான். பிரேத வண்டியைத் தாண்டும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடிக்குள்ளே பூவாலே 'அம்மா' என்று எழுதியிருந்ததைப் பார்த்தான். பிறகு முறுக்கினான். காற்று வேட்டியைப் பிய்த்தது. விளக்கு எரிந்து, எரிந்து, அணைந்தது.

ஒன்று இருபத்தாறுக்குச் சுடலை வாசலில் நின்றான். ஒன்றரைக்கு அம்மா வந்தார். ஐயர் சொன்னதெல்லாம் அவன் காதில் பாதிதான் விழுந்தது. இங்கே கொள்ளிக்குப் பதில் ஒரு பச்சைப் பட்டன். "அமத்துங்கோ தம்பி." விரலில் இன்னும் துரு ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்தான், போகவில்லை. அமத்தினான். திரை மூடியது. அம்மா என்று கத்தினது தன் குரல்தான் என்பது பெனிற்றா வந்து தோளைப் பிடித்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

வெளியே அடுத்த சாவீட்டாரின் கார்கள் வந்து நின்றன. ஆட்கள் கைகொடுத்துக் கலைந்தார்கள். சஞ்சயன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பைக்கடிக்குப் போனான். றோட்டோரத்தில் ஊற்றிமுடித்து அவன் வெறுமையாகப் பெட்டிக்குள் வைத்த போத்தல் முன்சில்லுக்குப் பக்கத்தில் தரையில் நின்றது. கழுத்துவரை தண்ணீர். கைப்பிடியில் நீல நூல்.

பூச்செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் வாசுதேவன் நின்றான். முதுகு இந்தப் பக்கம். பூட்டிய பிறகும் சொட்டிக்கொண்டிருந்த அந்தப் பைப்பை அவன் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தான்.