துண்டுக்கடியில் இருபது லட்சம்

சுரேந்தருக்குப் பூச்சி ஆராய்ச்சியில் பதினோரு வருடம். கல்யாண வீட்டில் யாராவது வேலையைக் கேட்டால் "பூச்சிங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அதற்குமேல் விவரித்தால் பக்கத்து இலைக்காரர் பாயசத்தைத் தொடமாட்டார். பயிரைத் தின்னும் அந்துப்பூச்சிகள் சில, இறக்கையைப் பார்த்தால் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். எது எந்த இனம் என்று காட்டிக்கொடுப்பது ஆண்பூச்சியின் உறுப்புதான். வயிற்றின் நுனியை வெட்டி, காரநீரில் வேகவைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் ஊசியால் பிரித்துப் பார்த்து எழுதவேண்டும். நாலாயிரம் ஆண்களின் லட்சணத்தை அப்படி எழுதியிருந்தான். மேல்தோற்றத்தை நம்பாதே என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம்.

நாலாயிரத்து ஒன்றாவது ஆண் மட்டும் ஆறு வருடமாக டிமிக்கி கொடுத்துவந்தான்.

மனைவி யுவஸ்ரீ சூலூரில் பள்ளி ஆசிரியை. ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. ஸ்கேன், ஊசி, மாத்திரை என்று அவள் உடம்பில் பார்க்காத இடம் பாக்கியில்லை. "உங்க வீட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் சுரேந்தருக்கு உடுமலையில் சோளக்காட்டு வேலை வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை அவள் வயிற்றில் துளை போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. வியாழக்கிழமை அவள் ஆஸ்பத்திரிப் பையில் நைட்டியை மடித்து வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறுபடி உடுமலைக்கே போயிருப்பான்.

சனிக்கிழமை காலை, யுவஸ்ரீ சிறப்பு வகுப்புக்குப் போனபின், பைக்கை சர்வீசுக்கு விடப்போவதாகச் சொல்லிக் கிளம்பினான். அப்பா பொங்கியண்ணன் நாற்பது வருட மாட்டுத் தரகர். பல்லைப் பார்த்து வயதைச் சொல்கிறவர், மகன் முகத்தைப் பார்க்கமாட்டாரா?

"சர்வீசுக்கு எவன்டா சட்டையை இன் பண்ணிட்டுப் போவான்?" என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சிங்காநல்லூர் கருத்தரிப்புப் பரிசோதனை மையத்தின் போர்டைப் படித்தவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். ஹாலில் போய் உட்கார்ந்தார்.

கையில் டப்பாவோடு சுரேந்தர் போன அறையில் ஒரு நாற்காலி, ஒரு காலண்டர். காலண்டரில் சாமி படம். முன்னால் வந்துபோன யாரோ அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருந்தார்.

அரைமணி நேரம் கழித்து, லேப் டெக்னீஷியன் சபுரா நுண்ணோக்கியில் குனிந்தாள். அவன் கதவோரம் நின்றான்.

"நானே ஒருக்கா பாத்துக்கட்டுங்களா? எனக்கும் இதே தொழில்தாங்க. பூச்சிக்கு."

"பேஷன்ட் பாக்கக்கூடாது சார்" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

உயிரணுக்களில் நீந்தியவை சில. மற்றவை சந்தை கலைந்தபின் படுத்துவிட்ட வழிப்போக்கர் மாதிரி அங்கங்கே கிடந்தன. பூச்சிகளைப் பார்த்தபோது ஒருநாளும் கண் இப்படிச் சோர்ந்ததில்லை.

"இருவது லட்சம் சார், ஒரு மில்லிக்கு. ஒன்றரைக் கோடிக்கு மேல இருந்தா நல்லது. ஒரே டெஸ்ட்ல முடிவு சொல்லமாட்டாங்க, இன்னொருக்கா எடுக்கச் சொல்வாங்க. வைத்தியமும் இருக்கு. ஆனா மொதல்ல உங்களுக்குத்தான் பாக்கணும். ஏன் சார் இத்தன நாளா வரல?"

"சோளக்காட்டுல வேலைங்க" என்றான்.

ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் பொங்கியண்ணன் தோள் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டார். மாட்டுச் சந்தையில் விலை அப்படித்தான் பேசுவார்கள். வாய் திறக்காது, விரல்தான் பேசும்.

"வெரலுக்குப் பத்து லட்சம். சொல்லு" என்றார் மெதுவாக. எதிர்ச்சுவரில் ஒன்றரைக் கோடி என்று எழுதியிருந்ததை அதற்குள் படித்து வைத்திருந்தார்.

சுரேந்தர் இரண்டு விரலை நீட்டினான். அவர் அடுத்த விரலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"இருவது லட்சம் இருக்குதல்லடா. வேண்டியது ஒன்னுதானே."

"அந்தக் கணக்கு இதுல செல்லாதுங்கப்பா."

துண்டுக்கடியில் அவர் கை அவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. ஒன்றரைக் கோடி. "ஊட்ல இதச் சொல்லிக்கலாம். உங்கம்மா நம்பிக்குவா. சாதிசனமும் வாயை மூடிக்கும்."

"அப்பறம் திங்கக்கெழம?"

அவர் ஐந்து விரலையும் மறுபடி பிடித்தார். இரண்டுமுறை அழுத்தினார். நூறு லட்சம். அவன் இல்லையென்று தலையாட்டினான். ஒருமுறை. ஐம்பது. நாற்பது வருடத்தில் இப்படிப் படியிறங்கி வந்தும் படியாத வியாபாரத்தை அவர் பார்த்திருக்கமாட்டார். சுரேந்தர் மறுபடி அதே இரண்டு விரலை நீட்டி அப்படியே வைத்திருந்தான்.

பிறகு துண்டுக்கடியிலிருந்து கையை உருவி, போனை எடுத்தான். ஹாலில் எல்லோருக்கும் கேட்கிற குரலில்தான் பேசினான்.

"யுவா, டெஸ்ட் எடுத்துப்போட்டேன். கொறை எங்கிட்ட இருக்குது. திங்கக்கெழம நீ போக வேண்டாம். டாக்டர்கிட்ட நானே பேசிக்கறேன்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது.

"திங்கக்கெழமைக்கு லீவு போட்டுட்டனுங்க" என்றாள் அவள். "அதத் திருப்பி வாங்கமாட்டேன். தூங்கப்போறேன். எழுப்பாதீங்க."

போன் நின்றுவிட்டது. பொங்கியண்ணன் துண்டை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார்.

"அம்மாகிட்ட எப்படிங்கப்பா சொல்றது?"

"நீ சொல்லாத. நான் சொல்றேன்" என்று எழுந்தார். "ஆறு வருசமா அந்தப் புள்ளையக் கொறை பேசுனதுல எனக்கும் பாதிப் பங்கு இருக்குது."

வெளியே வெயில் ஏறியிருந்தது. சீட் கொதித்தது. அவர் துண்டை மகனுடைய சீட்டில் விரித்துவிட்டு, தான் வெறும் சீட்டில் ஏறிக்கொண்டார்.