பளபளப்பு உள்ளே இருக்கணும்

கிரேன் ஓட்டுகிறவள் சாப்பாட்டு வேளையில் கீழே இறங்க மாட்டாள். அந்த ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். அதனால் மாமனார் கட்டித் தரும் ரொட்டியும் முட்டையும் அவளோடு மேலே வந்துவிடும். துறைமுகக் காற்று கண்ணாடிக் கூண்டின் இடுக்கு வழியாக வந்து எலும்பைத் துளைக்கும்; பொட்டலம் மட்டும் கதகதப்பாக இருக்கும். பெற்ற அம்மாகூட இப்படிக் கட்டித் தந்ததில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

மாமனார் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பளபளப்பு உள்ள இருக்கணும்மா, அதுதான் சூட்டைப் பிடிச்சு வைக்கும்" என்பார், பொட்டலம் சுற்ற அலுமினிய ஃபாயிலைக் கிழிக்கும்போதெல்லாம். யாராவது மாற்றிச் சுற்றிவிட்டால் பிரித்து மறுபடி சுற்றுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் அந்த முயலின் நாலாவது காலைக் காட்டிவிட்டான். வெந்த உருளைக்கிழங்கு இரண்டை எடுத்து, ஒன்றுக்குப் பளபளப்பு உள்ளே, இன்னொன்றுக்கு வெளியே என்று சுற்றி மேஜையில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்துத் தொட்டுப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. "ரெண்டு பக்கமும் ஒண்ணுதாம்ப்பா. இத்தனை நாளா சும்மா புரட்டிப் புரட்டிப் பாத்துட்டிருந்தீங்க" என்று சிரித்தான். மாமனாரும் சிரித்தார். ஆனால் முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் காலை அடுப்படியில் அவர் இல்லை. அறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "எல்லாம் அங்கயே இருக்கும்மா. யார் சுத்துனா என்ன?"

அவளே சுற்றினாள், பளபளப்பு உள்ளேதான். கை துடைக்க என்று அவர் தினமும் பொட்டலத்தோடு சுருட்டித் தரும் தடித்த துண்டையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். கூண்டில் பிரித்தபோது ரொட்டி விறைத்துக் கிடந்தது, முட்டை ஜில்லிட்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ரொட்டி கிடக்கிறது, மனுஷர் இனி அடுப்படிப் பக்கமே வராமல் போய்விட்டால்?

மாலை வந்ததும் வராததுமாக அவர் முன்னால் போய் நின்றாள். "மாமா, நான் கட்டினது ஆறிப்போச்சு. நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"என்னத்தப் பண்ணுவேன்? பாத்திர மூடி மேல துண்டைப் போட்டு வைப்பேன். நல்லா சூடேறினதும் பொட்டலத்தை அதுல சுருட்டி, நீ செருப்பு மாட்டுற வரைக்கும் அடுப்போரமா வச்சிருப்பேன்."

"அப்ப துண்டுதானே மாமா சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கு!"

"அட போம்மா. துண்டெல்லாம் ஒரு விஷயமா?"

அத்தனை நாளும் அதில் எண்ணெய்க் கையைத் துடைத்திருக்கிறாள். "நான் சூடா சாப்பிட்டது உங்க கையாலதான் மாமா. நாளைக்கு நீங்கதான் கட்டணும். இல்லன்னா நான் பட்டினி."

அவர் எழுந்துபோய் அவள் பையிலிருந்து துண்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டார்.

அடுத்த நாள் கூண்டில் அவள் துண்டைப் பிரித்தாள். உள்ளே ஃபாயில் இரண்டு சுற்று இருந்தது. ஒரு சுற்றில் பளபளப்பு உள்ளே, மறு சுற்றில் வெளியே. எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். தனியாகவே சிரித்துக்கொண்டு கடைசித் துணுக்கு வரை தின்றாள். பிறகு விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டு, இன்னும் சூடு போகாத துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நெம்புகோலைப் பிடித்தாள்.